14-வது கோரிக்கை

அன்புள்ள சரசு,

உன் இரண்டு கடிதமும் வந்து சேர்ந்தன. முதலாவதற்கே பதில் போடாதது என் தப்புதான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நீ சங்கத்தின் துணைச் செயலாளர் ஆகிவிட்டாய் என்று கணக்கு அக்கா போனில் சொன்னபோது சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேலாவது மைக்கைக் கண்டால் ஓடி ஒளியாதே.

நிர்வாகத்துக்குக் கொடுக்கப்போகும் கோரிக்கைப் பட்டியலைப் படித்தேன். போனஸ், பஞ்சப்படி எல்லாம் ரூபாய்க் கணக்கோடு தெளிவாக இருக்கிறது. 14-வதாக மட்டும் ஒற்றை வரி: "பெண் தொழிலாளர்களுக்கு உரிய பாதுகாப்பு வழங்க வேண்டும்." இதற்கு எந்த முதலாளியும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். எத்தனை பேர், எத்தனை நாளில், யார் பொறுப்பு என்று இல்லாத வரியை நாளைக்கு எதை வைத்துக் கேட்பாய்?

10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம். தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். நியமிப்பது நிர்வாகம். கோளாறு அங்கேதான். எச்.ஆர். மேடம் தலைவர், கம்பெனி வக்கீலுக்கு வேண்டியவர் வெளி உறுப்பினர், மீதி ஆபீஸ் ஸ்டாஃப் என்று பேப்பரில் எல்லாம் சரியாக இருக்கும். ஓவர்லாக் தைக்கிற பிள்ளைக்குக் குழு இருப்பதே தெரியாது. அதனால் தையல், செக்கிங் பெண்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் இரண்டு பேர் குழுவில் வேண்டும், வெளி உறுப்பினர் சங்கத்துக்கும் சம்மதமானவராக வேண்டும் என்று எழுது. பெயரும் போன் நம்பரும் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட வேண்டும். கேட் போர்டில் நின்று படிப்பவளை சூப்பர்வைசர் பார்த்துவிடுவான்.

புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பல புகார்கள் இங்கேயே செத்துப்போகின்றன. பாதிக்கப்பட்டவள் யாரிடமோ அழுதிருப்பாள், "பார்த்துக்கலாம்மா" என்று நாளைக் கடத்தியிருப்பார்கள். எழுத முடியாதவளுக்கு எழுத உதவுவது குழுவின் கடமை, சட்டத்திலேயே இருக்கிறது. அதுவரை தையல் லைனுக்கு நம் பெண் ஒருத்தி தேதி, நேரம், எந்த மெஷின், பக்கத்தில் யார் என்று நோட்டில் குறித்துவைக்கட்டும். விசாரணைக்கு 90 நாள். அதற்குள் "பாதுகாப்புக்காக" அவளைத்தான் வேறு யூனிட்டுக்குத் தூக்கிப் போடுவார்கள், பீஸ் ரேட்டும் பஸ்ஸும் போய்விடும். மாற்றுவதென்றால் அவனை மாற்ற வேண்டும், அவள் சம்பளம் குறையக் கூடாது. இந்த வரியை விட்டுவிடாதே.

2022 திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பார். பாலியல் தொல்லையைத் தடுக்க, பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யு. என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் ஒரு ஆடைக் கம்பெனியோடு போட்டது. 25 தொழிலாளருக்கு ஒரு கண்காணிப்பாளர், அவளும் தொழிலாளிதான். கம்பெனி மீறினால் ஆர்டரில் கை வைக்க வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டிருந்தன. உங்கள் கம்பெனியில் அந்தப் பிடி இல்லை, ஆனால் 25-க்கு ஒருத்தி என்பதைக் கேட்கலாம். டார்கெட்டுக்காக "வாடி போடி" என்று கத்துகிற வாயை அன்றைக்கே தடுத்தால் கை நீளாது.

இப்போது எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம். குற்றம் சாட்டப்பட்டவன் நம் சங்கத்தானாக இருந்தால்? சந்தா கட்டுகிறவன், போராட்டத்தில் முன்னால் நின்றவன். சங்கத்துப் பெரியண்ணன் "நம்ம பையன், பேசி முடிச்சிடலாம்" என்பார். சமரசம் அவள் கேட்டால்தான் உண்டு, அதுவும் பணம் கொடுத்து முடிப்பதாக இருக்கக் கூடாது, சட்டம் அப்படி. அவன் தரப்பைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அவளுக்குத் துணை போகும் நிர்வாகி அவனுக்காகப் பேசக் கூடாது, யாரும் அவள் வீட்டு வாசலுக்குப் போகவும் கூடாது. இதைச் செயற்குழுவில் இப்போதே தீர்மானமாக எழுதுங்கள். ஒரு பெயர் வந்தபிறகு எழுத முடியாது, சரசு.

சம்பளத்துக்கு: ஒரே வேலை செய்யும் ஆணை "டெய்லர்" என்றும் பெண்ணை "ஹெல்பர்" என்றும் போட்டிருப்பார்கள். பெயர், செய்யும் வேலை, சர்வீஸ், தினக்கூலி நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வை. பேச்சே வேண்டியிருக்காது. கூட்டத்தை ராத்திரி 8 மணிக்கு வைக்காதே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்று.

14-ஐ 3-க்குக் கொண்டுபோ. கடைசி ராத்திரிப் பேரத்தில் போனஸ் அரை சதவீதத்துக்காக வெட்டப்படுவது பட்டியலின் வால்தான். பேச்சுவார்த்தைக்கு உன்னோடு இன்னொரு பெண்ணும் போகட்டும், தனியாக உட்காராதே. திருத்திய பட்டியலை வாத்தியாருக்குக் காட்டும் முன் எனக்கு அனுப்பு.

உன்,
வசந்தா