காலிக்குப் போகும் வண்டி காலியாகத் திரும்பும் கதை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கண்டியிலிருந்து காலிக்குத் தனி வாகனம் கேட்டு அழைப்பவர்கள் ஏறக்குறைய மூன்றே கேள்விகளைத்தான் கேட்கிறீர்கள். எத்தனை மணி நேரம்? ஏன் விடியுமுன்னே கிளம்பச் சொல்கிறீர்கள்? ஒரு வழிப் பயணத்துக்கு ஏன் இவ்வளவு கட்டணம்? தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட, ஒரு தடவை உட்கார்ந்து முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். அக்குறணையிலிருந்து ஒரு குடும்பம், காலிக் கோட்டைக்குள் ஒரு நிக்காஹுக்குப் போக வான் கேட்டது. "நாலு மணி நேரத்தில் போய்விடலாம்" என்று வாக்குக் கொடுத்தது நாங்கள்தான். காலை 8 மணிக்கு ஏறினார்கள். கேகாலையைத் தாண்டும்போதே 10 மணி. காலியில் இறங்கியபோது பகல் ஒன்றே முக்கால். நிக்காஹ் முடிந்து, கடைசிச் சவன் சாப்பாட்டுக்குத்தான் (பலர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது) அவர்களால் உட்கார முடிந்தது. அந்த வீட்டுப் பெரியவர் திட்டவில்லை. "தம்பி, மாப்பிள்ளை எங்களுக்காகக் காத்திருக்கல்ல" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மனசு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது. அன்றிலிருந்து நாலு மணி நேரம் என்ற வார்த்தையை எங்கள் அலுவலகத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நாங்கள் வழக்கமாகப் போகும் வழி ஏறத்தாழ 220 கிலோமீற்றர். இதில் கண்டியிலிருந்து கடவத்தை வரை கொழும்பு வீதி, அதாவது ஏ-1. சுமார் 100 கிலோமீற்றர். கடவத்தையில் வெளிவட்ட அதிவேக வீதியில் ஏறினால், கொழும்பு நகருக்குள் போகாமலே கொட்டாவ. அங்கிருந்து தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் காலிக்குப் பக்கத்திலுள்ள பின்னதுவ வரை. கடவத்தையிலிருந்து இது சுமார் 115 கிலோமீற்றர். இந்த இரண்டாம் பாதியை ஒன்றரை மணி நேரத்தில் ஓடிவிடலாம். முதல் பாதிக்குத்தான் மூன்று மணி நேரம் வேண்டும், சில நாள் மூன்றரை. தூரத்தைக் கிலோமீற்றரில் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். கூகுள் வரைபடமும் இதில் கூட்டுக்களவாணி. இரவு 11 மணிக்குப் படுக்கையில் இருந்தபடி பார்த்தால் அது அந்த நேரத்து வெறும் வீதிக்கான கணக்கைச் சொல்லும். நீங்கள் போகப்போவதோ காலை நேரத்து மாவனல்லை வழியாக.

பேராதனை தாண்டியதும் கடுகண்ணாவ. மலையிலிருந்து இறங்கும் வளைவுகள். முன்னால் ஒரு சீமெந்து லொறி அகப்பட்டுக்கொண்டால், அடிவாரம் வரை அதன் பின்னால்தான் போக வேண்டும். எங்கள் சாரதிகள் அங்கே முந்த மாட்டார்கள். "அண்ணா, ஒரு மிதி மிதியுங்கள்" என்று பின் இருக்கையிலிருந்து குரல் கொடுத்தாலும் முந்த மாட்டார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், அது எங்கள் உத்தரவு. அதற்குப் பதிலாக வெளியே பாருங்கள். பாறையைக் குடைந்து போட்ட பழைய பாதை, இன்றைய வீதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலையைத் துளைத்துக்கொண்டு அந்நியன் வந்தால்தான் கண்டி விழும் என்று ஒரு பழங்கதை உண்டு. சாரதிகள் அதை ரசித்துச் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலேயர் 1815லேயே கண்டியைப் பிடித்துவிட்டார்கள், வீதி போடும் வேலை 1820இல்தான் தொடங்கியது. கதைக்கும் கணக்குக்கும் இடையில் ஐந்து வருடம் உதைக்கிறது. அந்த வீதியைப் போட்ட கப்டன் டோசனின் நினைவாக எழுப்பிய கோபுரமும் கடுகண்ணாவையில் நிற்கிறது. அது 1832இல் கட்டியது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்ச் சிறையிருப்பில் கண்ணை மூடியதும் அதே வருடம்தான்.

அப்புறம் மாவனல்லை, கேகாலை, வரக்காப்பொல, நிட்டம்புவ, யக்கல. ஒவ்வொன்றும் ஒரு டவுன், ஒவ்வொரு டவுனும் ஒரு நெரிசல். பள்ளிக்கூடம் காலை 7.30க்குத் தொடங்குவதால் 6.30இலிருந்தே பள்ளி வான்கள் வீதியை நிறைத்துவிடும். அதோடு கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்களும் சேர்ந்தால் யக்கலவிலிருந்து கடவத்தை வரை ஊர்வலம்தான். அதனால்தான் அதிகாலை நாலு, நாலரை மணிக்கே உங்கள் வாசலில் வந்து நிற்கிறோம். அந்த நேரத்தில் கிளம்பினால் டவுன்கள் கண் விழிக்குமுன் பெரும்பாலானவற்றைக் கடந்துவிடலாம். ஒன்பது, ஒன்பதரைக்குக் காலியில் காலை உணவு. அவ்வளவு வெள்ளனப் பிள்ளைகளை எழுப்ப முடியாது என்றால், ஆறு மணிக்குக் கிளம்பி இரண்டும் கெட்டானாக மாட்டிக்கொள்ளாமல், ஒன்பது மணிக்குப் பிறகு ஆறுதலாக வாருங்கள். அப்போது பயணத்துக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுதலாக வருகிறவர்களுக்கு வழியில் சில லாபங்கள் உண்டு. வரக்காப்பொலவில் எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்து உருட்டிய தலகுலி, கஜுகமவில் வீதியோரத்தில் பெண்கள் விற்கும் கஜு என்ற முந்திரிப்பருப்பு, ரதவடுன்னவில் பிரம்புக் கூடைகள். வாங்குவதென்றால் நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்திவிட்டு விலையை மட்டும் கேட்டுப் போகாதீர்கள், அவர்களுக்கும் பிழைப்பு. பின்னவல யானைகள் சரணாலயத்துக்கும் கேகாலைப் பக்கம்தான் திரும்ப வேண்டும். ஆனால் அன்றைக்கே காலிக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் அதை வேறொரு நாளுக்கு வையுங்கள். யானையும் கோட்டையும் ஒரே நாளில் என்று கேட்டவர்கள் இரண்டையும் இருட்டில்தான் பார்த்தார்கள்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை. கடுகண்ணாவச் சரிவில் மண்ணும் கல்லும் விழுந்து பாதையை மூடிய நாட்கள் உண்டு. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அந்தப் பக்கம் போகாமல் கலகெதர வழியாகக் குருநாகலுக்கு இறங்குவோம். அங்கிருந்து மீரிகம வரை 2022இல் திறந்த மத்திய அதிவேக வீதி இருக்கிறது, மீரிகமவில் இறங்கி மறுபடி கொழும்பு வீதியைப் பிடிக்கலாம். தூரம் கூடும், கட்டணம் கூடாது. மழை வந்ததற்கு உங்களிடம் காசு கேட்பது நியாயமில்லை.

அதிவேக நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தெற்கு நெடுஞ்சாலையின் கொட்டாவ - பின்னதுவ பகுதி 2011 நவம்பரில் திறக்கப்பட்டது; நாட்டின் முதலாவது அதிவேகப் பாதை அதுதான். மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டக்கூடாது, நாங்களும் ஓட்டுவதில்லை. பின் இருக்கையில் இருப்பவர்களும் ஆசனப் பட்டி போட வேண்டும். வயல், றப்பர், கறுவா என்று இரண்டு பக்கமும் பச்சை. பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். நடுவில் வெலிபென்னவில் கழிவறையும் சாப்பாடும் உண்டு. சாப்பாடு கொஞ்சம் விலை, கழிவறை சுத்தம்.

கடலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். குருந்துகஹஹெதெக்மவில் அதிவேக வீதியை விட்டு இறங்கி, அம்பலாங்கொடை போய், பழைய காலி வீதி வழியாகப் போகலாம். ஒரு மணி நேரம் கூடும். அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பெரேலிய. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோர ரயில் ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு அடித்துச் செல்லப்பட்ட இடம். அங்கே எங்கள் சாரதிகள் பாட்டை நிறுத்திவிடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவர்களாகவே செய்வது.

இனி காலி. கோட்டைக்குள் தெருக்கள் ஒல்லாந்தர் காலத்து அளவு. வான் திரும்ப இடம் கிடைக்காது. அதனால் பொதிகளை உங்கள் தங்குமிட வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைக் கோட்டைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்துவோம். கோட்டை வாசலுக்கு முன்னால்தான் கிரிக்கெட் மைதானம். டெஸ்ட் போட்டி நாளென்றால் நெரிசலைச் சொல்லி முடியாது. அந்த நாட்களில் முன்பதிவு செய்கிறவர்களுக்கு நாங்களே நினைவூட்டுவோம்.

போர்த்துக்கீசர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்துக் கட்டி, 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை இது. 1988இலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. பழைய வாசலை மட்டும் தவறவிடாதீர்கள். வெளிப்பக்கம் ஆங்கிலேயரின் சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தரின் சின்னம், 1669 என்ற வருடம், மேலே ஒரு சேவல். அதில் வி.ஓ.சி. என்ற எழுத்துகளைப் பார்த்துவிட்டு "நம்ம வ.உ.சி.யா?" என்று கேட்ட மதுரைக்காரர் ஒருவரை எங்களால் மறக்க முடியாது. அது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி. நம்மவரும் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டவர்தான் என்பதால் கேள்வியில் பெரிய பிழையில்லை.

இன்னொன்று. தமிழ், சீனம், பாரசீகம் மூன்றிலும் பொறித்த கல்வெட்டைக் காலியில் தேடி அலையாதீர்கள். சீனக் கடலோடி செங் ஹ கொண்டுவந்த அந்தக் கல், 1911இல் காலியில்தான் கிடைத்தது. ஆனால் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அதைப் பார்க்க ஆசையென்றால் திரும்பும் வழியில் கொழும்பைச் சேர்த்துக்கொள்ளலாம். காலியில் தமிழ் வேண்டுமென்றால் அது கல்லில் இல்லை, கோட்டைத் தெருக்களில் இருக்கிறது. அங்கே பல தலைமுறையாக வாழும் முஸ்லிம் குடும்பங்களின் வீட்டு மொழி தமிழ். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் தெருவில் வழி கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, எல்லோரும் முதலில் கேட்கும் கட்டணம். "நாங்கள் காலியில் இறங்கிவிடுகிறோம், திரும்பி வருவதற்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வண்டி கண்டி வண்டி. காலியிலிருந்து கண்டிக்கு அன்றைக்கே ஆள் கிடைப்பது அபூர்வம். காலிக்குப் போன வண்டி காலியாகத்தான் திரும்பும். அந்த 220 கிலோமீற்றருக்கும் பெற்றோல் எரியும், அதிவேக வீதிக் கட்டணமும் உண்டு. அதோடு விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்த சாரதியை அன்றிரவே திருப்பி ஓட்டச் சொல்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். அவர் ஒரு இரவு தங்குவார், சாப்பிடுவார், மறுநாள் காலை வருவார். நீங்கள் கொடுக்கும் தொகையில் எரிபொருள், வீதிக் கட்டணம், சாரதியின் தங்கலும் சாப்பாடும் எல்லாம் அடக்கம். வழியில் "இன்னும் ஒரு சின்னச் செலவு" என்று எங்கள் ஆள் யாராவது கேட்டால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு நாளில் திரும்புவதாக இருந்தால் போகவும் வரவும் சேர்த்துப் பேசுங்கள், தனித்தனியாகப் பேசுவதைவிட நன்றாகக் குறையும். திரும்பும் வண்டியில் யாரையாவது ஏற்ற முடிந்தால் அவர்களிடம் வாங்குவதில் பாதியை உங்கள் கட்டணத்தில் கழித்துவிடுவோம். இதுவரை அப்படி இரண்டே தடவைதான் நடந்திருக்கிறது, ஆனாலும் பேச்சு பேச்சுத்தான்.

தனி ஆளாகப் போகிறவர்களுக்கு ஒரு உண்மை: உங்களுக்கு ரயில்தான் லாபம். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து காலிக்குக் கடலோரமாகவே தண்டவாளம் போகிறது, காலி நிலையத்திலிருந்து காலிக் கோட்டைக்கு நடந்தே போகலாம். நாலு பேருக்கு மேல், வயதானவர்கள், கைக்குழந்தை, பெட்டிகள் என்று வரும்போதுதான் எங்கள் வான் காசுக்குத் தகும்.

முன்பதிவு செய்யும்போது எத்தனை பேர், எத்தனை பெட்டி, யாருக்காவது வளைவுகளில் தலைசுற்றுமா என்று சொல்லுங்கள். தலைசுற்றும் ஆளுக்கு முன் இருக்கை, கையில் ஒரு தேசிக்காய். பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டி டவுனுக்குள் வீதிகளை மூடுவார்கள், அப்போது எங்கே வந்து ஏற்ற வேண்டும் என்பதை முதல் நாள் மாலையே பேசிக்கொள்ளலாம். நிக்காஹ், கல்யாணம், விமானம் என்று நேரம் தவறக்கூடாத காரியமாக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதற்கு முதல் நாளே கிளம்பச் சொல்வோம்.

அன்புடன்,
கண்டியிலிருந்து உங்கள் வாகனக்காரர்கள்