கடை போடப்போகும் மச்சானுக்கு

ஹட்டன்

மச்சான்,

உன் மின்னஞ்சலை ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக உட்கார்ந்து வாசித்தேன். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார். தம்பிக்குக் கொட்டகலையில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் பெரிதாக இல்லை, ஆனால் வீட்டிலிருந்தே போய்வரலாம். மழை விட்டபாடில்லை. சரி, விசயத்துக்கு வருகிறேன். கட்டாரை விட்டு வந்து பண்டாரவளையில் சொந்தமாகச் சுயசேவைக் கடை போடப்போகிறாய், களவைத் தடுக்க, காசு கட்டாத சாமான் கடந்தால் கத்தும் கேட்டை வாசலில் போடுவதா, கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டுவதா, கமரா மட்டும் போதுமா என்று கேட்டிருந்தாய். இத்தனை வருசம் சுப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறேன், வீட்டு ஆட்கள்கூட என் வேலையைப் பற்றி இப்படி உருப்படியாக ஒன்று கேட்டதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். கடையில் குறைகிற சாமான் எல்லாம் களவு போன சாமான் இல்லை. ஸ்டொக் எடுக்கும்போது கணக்குக்கும் ராக்கையில் இருப்பதற்கும் இடையே ஒரு துண்டு விழும், உடனே எல்லாரும் "கஸ்டமர் அடித்துவிட்டான்" என்பார்கள். அமெரிக்காவின் தேசியச் சில்லறை வியாபாரச் சம்மேளனம் 2023 இல் வெளியிட்ட கணக்கெடுப்பைப் பார்: முந்திய ஆண்டின் இழப்பில் வெளியாட்கள் எடுத்தது சுமார் 36 வீதம்தான், கடைக்குள் வேலை செய்பவர்கள் எடுத்தது 29 வீதம், கணக்கிலும் நடைமுறையிலும் விட்ட பிழைகளால் போனது 27 வீதம். இதே சம்மேளனம் இன்னொரு அறிக்கையில் இழப்பில் ஏறக்குறையப் பாதி களவுக் கும்பல்களால்தான் என்று எழுதி, அதை 2023 டிசம்பரில் வாபஸ் வாங்கவும் வேண்டிவந்தது. இங்கே நம் ஊரில் என்றால் எலியையும் சேர்த்துக்கொள். லொறிக்காரன் பில்லில் எழுதியதைவிடக் குறைவாக இறக்குவது, காய்கறி காய்ந்து நிறை குறைவது, இரண்டு வகை பிஸ்கட்டுக்கு ஒரே வகையை இரண்டு தரம் ஸ்கேன் பண்ணுவது, இதெல்லாம் போகிற போக்கில் கஸ்டமர் தலையில் ஏறிவிடும். கேட்டுக்குக் காசு கொடுக்கும் முன் பின்கதவில் சாமானை எண்ணி இறக்க நம்பிக்கையான ஒருவரைப் போடு.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது டவுன் கடைகளில் இந்தப் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் நம் கைக்கு எதுவும் எட்டாது. முதலாளி கவுண்டருக்குப் பின்னால் நிற்பார், நாம் கேட்போம், அவர் நிறுத்துப் பேப்பரில் சுற்றித் தருவார், கொப்பியில் எழுதுவார். உலகம் முழுக்கப் பலசரக்குக் கடை அப்படித்தான் இருந்தது. 1916 இல் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நீயே எடு, வரும்போது காசு கட்டு என்று மாற்றினார். ஆள் கூலி மிச்சம், விற்பனையும் கூடியது. கவுண்டர் போனதும் அது செய்த காவலும் சேர்ந்து போனது, அந்த வேலையைத்தான் இன்றுவரை பெட்டி, லேபல், கேட், கமரா என்று ஒவ்வொன்றிடமாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

பெட்டியும் இதில் ஒரு காவலாளிதான். விரல் நகம் அளவு மெமரி கார்டை உள்ளங்கை அளவு தடித்த பிளாஸ்டிக்குக்குள் அடைத்து ஒட்டுவது அழகுக்கு மட்டும் இல்லை, சட்டைப் பையில் நழுவக்கூடாது என்பதற்கும்தான். அமெரிக்காவில் சீடிகள் வந்த காலத்தில் அவற்றை ஓர் அடி நீள அட்டைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். பழைய இசைத்தட்டு ராக்கையில் நிற்கவும் வேண்டும், ஒளிக்கவும் முடியக்கூடாது. குப்பைதான் மிஞ்சுகிறது என்று ஆட்கள் சத்தம் போட்டு 1993 இல் அதைக் கைவிட்டார்கள். கஷ்டம் முழுக்கக் காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான், எடுத்துக்கொண்டு போனவன் வீட்டில் ஆறுதலாக வெட்டித் திறப்பான்.

எதை எடுப்பார்கள் என்றும் கேட்டாய். ரொனால்ட் கிளார்க் என்ற குற்றவியல் ஆய்வாளர் 1999 இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒளிக்கக்கூடியது, தூக்கிப்போகக்கூடியது, கண் முன்னால் கிடைப்பது, விலை உள்ளது, ஆசைப்படக்கூடியது, எல்லாவற்றுக்கும் மேலே திரும்ப விற்கக்கூடியது. என் அனுபவத்தில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். சேவிங் பிலேட், பெட்டரி, பேர்ஃபியூம், பால்மா. பால்மாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2022 இல் நம் நாட்டில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோது பால்மா வந்தாலே வரிசை. ஒரு பக்கெட்டை ஷோலுக்குள் செருகியவரையும் பிலேட் பக்கெட்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் வேறு டவுனில் விற்பவனையும் ஒரே பேரால் கூப்பிட எனக்கு வாய் வராது. ஆனால் கடைக்காரனாக உனக்கு இரண்டும் நட்டம்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இனி கேட். இது 1960களில் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் தொடங்கியது. ரொன் அசாஃப் என்பவர், வைன் களவெடுத்து ஓடிய ஒருவனைத் துரத்திப் பிடிக்க முடியாமல்போன பிறகு, சாமானே வாசலில் கத்தினால் என்ன என்று யோசித்துப் பிறகு சென்ஸர்மெட்டிக் கம்பனியைத் தொடங்கினார். சாமானில் ஒட்டிக் கேட்டைக் கத்தவைக்கும் லேபலில் இன்று கடைகளில் அதிகம் இருப்பது இரண்டு வகை. ஒன்று ஸ்டிக்கர் போல மெல்லிசு, உள்ளே சுருள் சர்க்கிட், 8.2 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யும். மலிவு. ஆனால் உலோகத்தோடு ஒட்டினால் கேட்டுக்குத் தெரியாமல் போய்விடும், டின் மீன், உள்ளே ஃபொயில் உறை உள்ள பால்மா இதற்கெல்லாம் இதை நம்பாதே. மற்றது கொஞ்சம் தடிப்பான பிளாஸ்டிக் லேபல், ஆட்டிப் பார்த்தால் உள்ளே சின்னத் தகடு அசையும். கேட் 58 கிலோஹேர்ட்ஸில் துடிப்பு அனுப்பும், தகடு அதிரும், துடிப்பு நின்ற பிறகும் தகடு ஒரு கணம் அதிர்ந்துகொண்டிருக்கும், கேட் கேட்பது அந்த மிச்சத்தைத்தான். அகலமான வாசலுக்கும் ஃபொயில் சாமானுக்கும் இதுதான் நல்லது, காசும் அதற்கு ஏற்ப. உடுப்பும் விற்பாய் என்றால் ஊசி குத்தும் கடினமான டேக் இருக்கிறது, கழற்ற மெஷின் என்று பெரிய பேரில் விற்பது பெரும்பாலும் பலமான காந்தம்தான், அதைக் கவுண்டரில் கட்டிவை, இல்லாவிட்டால் முதலில் களவு போவது அதுவாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் வேண்டுமா என்றால், வேண்டும் என்பேன், ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். தடித்த உடுப்புப் போட்டு வருபவரைக் கவனியுங்கள், குடையோடு வருபவரைக் கவனியுங்கள், பெரிய பையோடு வருபவரைக் கவனியுங்கள் என்றார். மழையும் குளிரும் விடாத ஹட்டனில்! ஜூலை மாதத்தில்! பின்வரிசையில் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவரே ஜக்கெட்டோடுதான் நின்றார். ஆனால் இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. எல்லாரையும் கவனிக்க முடியாத காவலாளி தன் மனதுக்குப் பட்ட ஆளின் பின்னால் போவான். அந்த ஆள் யார் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீயும் நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைகள். சம்பள நாளில் தோட்டத்திலிருந்து இறங்கிவரும் அக்கா ஷாம்பு ராக்கைக்கு முன்னால் நின்று விலையைப் பார்த்து யோசித்தால், முதுகுக்குப் பின்னால் ஒருவன் வந்து நிற்பான். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல்தான் 1,350 ரூபா ஆனது, அந்த மாதிரிச் சம்பளத்தில் வாழ்கிறவர் யோசித்துத்தானே எடுப்பார். சீசனுக்கு நுவரெலியா போகிற வழியில் வேனில் இறங்கும் குடும்பத்தின் பின்னால் யாரும் போவதில்லை. அந்தக் குடும்பத்துப் பொடியன் சொக்லட்டை ஜம்பருக்குள் விட்டதைக் கமராவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

கேட்டுக்கு முகம் தெரியாது, பாஷை தெரியாது, செருப்பைப் பார்க்காது. காசு கட்டாத லேபல் கடந்தால் யாராக இருந்தாலும் கத்தும். அதைப் போட்ட பிறகு காவலாளியைப் பின்னால் அலையவிடாமல் வாசலில் நிறுத்தலாம், அந்த அக்காவும் நிம்மதியாக விலை பார்ப்பார். இதற்காகத்தான் நான் கேட்டின் பக்கம்.

ஆனால் கேட் பொய்யும் சொல்லும். காசாளர் லேபலைச் செயலிழக்கச் செய்ய மறந்திருப்பார், அல்லது வேறு கடையில் வாங்கிய சாமானின் லேபல் பைக்குள் உயிரோடு இருக்கும். சத்தம் வந்ததும் கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும், அப்போது உன் ஆட்கள் வாயில் முதலில் என்ன வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் சொல்லிவைத்திருப்பது இதுதான்: "மன்னிக்கணும், எங்கட பிழையா இருக்கும், பில்லைக் காட்டுங்க." பையைத் திற என்று யாரும் சொல்லக்கூடாது, கை வைக்கவே கூடாது. உண்மையாகவே எடுத்திருந்தாலும் பொலிசுக்குச் சொல்வதோடு நம் வேலை முடிந்தது. 2023 இல் கொழும்பில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் களவெடுத்ததாகச் சொல்லி ஊழியர்கள் ஒரு பெண்ணை அடித்த வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். கைதானது ஊழியர்கள்தான்.

கண்ணாடி அலுமாரிப் பூட்டு வேண்டாம். சாவிக்காரியைத் தேடிக் காத்திருக்க ஆட்களுக்குப் பொறுமை கிடையாது, அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அமெரிக்காவின் வோல்கிரீன்ஸ் மருந்துக்கடைத் தலைவரே 2025 ஜனவரியில் முதலீட்டாளர்களிடம், பூட்டி வைத்தால் அவ்வளவாக விற்பதில்லை என்று ஒத்துக்கொண்டார். அதோடு, பூட்டைத் திறக்கக் கேட்பவரை மேலும் கீழும் பார்க்கும் வேலை திரும்ப மனுசக் கண்ணுக்கே வந்துவிடும். விலை கூடிய நாலைந்து சாமானுக்கு வெறும் பெட்டியை ராக்கையில் வை, உள்ளதைக் கவுண்டரில் எடுத்துக் கொடு. செலவே இல்லை, யாருக்கும் அவமானமும் இல்லை.

கமராவை நீ விலை பேசிவிட்டாய் என்று தெரிகிறது, வாங்கு, ஆனால் வாசலையும் கவுண்டரையும் பின்கதவையும் பார்க்கும்படி வை. ராக்கைகளை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நிறுத்து, கவுண்டரில் இருப்பவருக்குக் கடைசி வரை தெரியவேண்டும். வருகிற ஆளுக்கு வணக்கமோ ஆயுபோவனோ சொல்ல ஒரு பிள்ளை போதும். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாசலின் அகலத்தை அளந்து, உள்ளே நின்று எடுத்த படத்தோடு எனக்கு அனுப்பு, கேட்டுக்குப் பக்கத்தில் லேபல் ஒட்டிய சாமான் இருந்தால் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும், உன் கடை சின்னது என்றால் அதுதான் முதல் தலையிடி. லேபல் விலையை இங்கே விசாரித்து அடுத்த கிழமை எழுதுகிறேன்.

உன் கூட்டாளி