வார்டில் பேசுகிற ‘கெட்’

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் சென்ற வாரம் ‘கெட்’ (get) என்ற வினைச்சொல் வந்தது. ‘பெறு’ என்று பொருள் போட்டு, கடிதம் வந்ததாக ஓர் உதாரணத்தோடு முடித்துவிட்டீர்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இங்கிலாந்து போகத் தயாராகும் நர்சுகளுக்கு மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் எழுதும் ஓஇடி (OET) என்ற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வில், நோயாளி பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். எந்த நோயாளியும் இலக்கணப் புத்தகம் மாதிரி பேசுவதில்லை. ‘ஐ கெட் டிஸ்ஸி வென் ஐ கெட் அப்’ என்பார். எழுந்தால் தலை சுற்றுகிறதாம். ஒரே வரியில் இரண்டு ‘கெட்’, இரண்டிலும் ‘பெறு’ உதவாது. ‘ஐ வில் கெட் தி டாக்டர்’ என்றால் டாக்டரைக் கூட்டிவருகிறேன் என்று அர்த்தம். ‘கெட்’டின் இன்னொரு வடிவமான ‘காட்’ வரும் ‘ஐ ஹேவ் காட் எ ஹெட்ஏக்’ என்றால் தலைவலி இருக்கிறது, அவ்வளவுதான்.

என் வகுப்பில் அதிக நேரம் எடுப்பது நிலை மாறுவதைச் சொல்லும் ‘கெட்’. கெட்டிங் பெட்டர் (குணமாகிறது), கெட்டிங் வர்ஸ் (மோசமாகிறது), கெட்டிங் டயர்ட் (களைப்பாகிறது). இதில் ஒரு வம்பும் உண்டு. ‘ஐ ஆம் கெட்டிங் கோல்ட்’ என்றால் குளிரெடுக்கிறது, போர்வை கொண்டுபோக வேண்டும். நடுவில் ஒரு ‘எ’ சேர்ந்து ‘கெட்டிங் எ கோல்ட்’ என்றால் ஜலதோஷம் பிடிக்கப் பார்க்கிறது. அந்த ‘எ’ வேகப் பேச்சில் காதில் விழுவதே கஷ்டம். அதற்கென்றே சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் பஸ். ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. காருக்கு மட்டும் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. நம்மவர்கள் ‘கெட் டவுன்’ என்பதில் எனக்குக் கோபம் இல்லை, எங்கள் ஊர் வடசேரி பஸ் நிலையத்தில் எல்லோருக்கும் புரியும். லண்டனில் ‘கெட் ஆஃப்’தான் வழக்கம்.

கட்டுரையில் ‘கெட்’ எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கும் ஆசிரியர்கள் உண்டு. கட்டுரைக்குச் சரி, கட்டிலோரத்துக்கு ஆகாது. ஆகவே இந்தச் சொல்லை இடம்வாரியாகப் பிரித்து, வார்டு ஒரு வாரம், பஸ் ஒரு வாரம் என்று மீண்டும் வெளியிட வேண்டுகிறேன். ‘கெட் அவே வித்’ (தப்புச் செய்தும் மாட்டாமல் தப்பிப்பது) போன்றவை மெதுவாக வரட்டும், வேலைக்குச் சேருகிற முதல் மாதத்தில் அவை அவசரமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
நாகர்கோவில்.