மகள் வீட்டுக்கு வரும் பெற்றோரை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

மதிப்பிற்குரிய குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கோவில்பட்டியைச் சேர்ந்தவன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய உங்கள் வளாகத்தில், ஏழாவது மாடியில் என் மகள் குடும்பத்தோடு வசிக்கிறாள். சென்ற மே மாதம் நானும் என் மனைவியும் இருபத்தாறு நாள் அங்கே தங்கியிருந்தோம். வளாகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தச் சாலையில் இருக்கும் வேறு வளாகங்களுக்குப் போய் வந்த என் வயதுக்காரர்களும் இதே அனுபவத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பதால், இம்மடல் உங்களுக்கு மட்டுமானதாக இருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்து இறங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது என் பேத்திக்கு விடுமுறையிலும் நீச்சல், செஸ், அபாகஸ் என்று வகுப்புகள் இருக்கின்றன. மகளுக்கும் மருமகனுக்கும் சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்புக் கிடைப்பதில்லை. ஆகவே திசை மாறி, விடுமுறைக்கு நாங்கள் சென்னை வருகிறோம். பள்ளி மூடியிருக்கும் அந்த நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்பதும் நாங்கள் வருவதற்குக் காரணம். எங்களை விருந்தாளிகள் என்று சொல்வதைவிடச் சம்பளமில்லாத பணியாளர்கள் என்று சொல்வது உண்மைக்குச் சற்று நெருக்கமாக இருக்கும். அதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

வந்திறங்கிய முதல் நாள் காலையில் உங்கள் வாயிலில் காவலுக்கு நின்ற இளைஞர், கையிலிருந்த கருவியில் எங்கள் வருகையைப் பதிவு செய்தார். ஒடிசாவிலிருந்து வந்து இரண்டே ஆண்டுகளில் தமிழில் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளை அவர். கருவியின் திரையில் டெலிவரி, வேலையாள், விருந்தினர் என மூன்று கட்டங்கள் இருந்தன. சற்று யோசித்துவிட்டு அவர் மூன்றாவதை அழுத்தினார். எங்கள் இரண்டு பைகளிலும் கருப்பட்டியும் கடலை மிட்டாயும் வற்றலும் முருங்கைக்காயும் இருந்ததைப் பார்த்தால், அவர் முதல் கட்டத்தை அழுத்தியிருந்தாலும் குற்றம் சொல்லியிருக்க முடியாது.

அன்று அதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டோம். பதினைந்தாம் நாள் நடந்ததைத்தான் அப்படிக் கடக்க முடியவில்லை. அன்று காலை ஆறேகால் மணிக்கு, வளாகத்துக்கு எதிரே இருக்கும் கடையில் கொத்தமல்லியும் தயிரும் வாங்கிவர என் மனைவி தனியாக இறங்கிப் போனார். அவருடைய பட்டன் செல்பேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. திரும்பி வந்தபோது காவலுக்கு வேறொருவர் நின்றார். புதியவர், விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பவர். கருவியிலிருந்து என் மகளின் செல்பேசிக்கு ஒப்புதல் கேட்டு அழைப்புப் போனது. அமெரிக்க அலுவலகத்தோடு பேசிவிட்டு இரவு இரண்டு மணிக்குப் படுத்தவள், செல்பேசியை ஓசையில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மருமகன் புனேயில் இருந்தார். நானோ பேத்தியோடு பின்பக்கத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தேன். என் எண் அந்தக் கருவியில் இல்லை. விருந்தினர் எண்ணை ஏற்க அதில் இடமும் இல்லை.

இருபத்தைந்து நிமிடம் என் மனைவி வாயிலில் நின்றார். அங்கே இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் காவலருடையது. அவர் எழுந்து அதைக் கொடுத்தார். அவருடைய நாற்காலியில் தான் உட்காருவதா என்று இவர் மறுத்துவிட்டார். அதற்குள் உணவு கொண்டுவந்த இளைஞர் ஒருவர் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அரை நிமிடத்தில் உள்ளே போய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வெளியேயும் வந்துவிட்டார். பத்து நாளாகத் தன்னை லிஃப்டில் பார்த்து வணக்கம் சொன்ன ஓர் அம்மையார் கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து தன்னைப் பார்த்துவிட்டுப் போனதாக என் மனைவி பின்னர் சொன்னார். மேலே வந்தவர் யாரையும் குறை கூறவில்லை. “அந்தத் தம்பிக்கு ஒரு நம்பர் இருக்கு, நமக்கு இல்லையே” என்று மட்டும் சொல்லிவிட்டு, வாடிப்போன கொத்தமல்லியைத் தண்ணீரில் போட்டார். மீதி இருந்த பதினோரு நாளும் அவர் வாயிலைத் தாண்டவில்லை. தயிர் வாங்கக்கூட நான்தான் போனேன்.

அன்று மாலை லிஃப்டுக்குப் பக்கத்தில் உங்கள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பதினைந்து நாட்களுக்கு மேல் தங்கும் விருந்தினர்களுக்காக அந்தந்த வீட்டார் கூடுதல் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும், விளையாட்டுத் திடலை ஒட்டிய இருக்கைகள் குடியிருப்போருக்கு மட்டுமே உரியவை என்றும் அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கட்டணத்தைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் லாரித் தண்ணீர் வந்து இறங்குவதை ஏழாவது மாடியிலிருந்து எண்ணிப் பார்த்தவன் நான். கரிசல் காட்டுக்காரனுக்குத் தண்ணீரின் விலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பேர் கூடுதலாகக் குளித்தால் இரண்டு பேருக்கான பணத்தைக் கேட்பது நியாயம். ஆனால் கட்டணம் வாங்கும்போது எங்களைத் தங்குபவர்கள் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, இருக்கையில் அமரும்போது மட்டும் அயலார் என்று ஒதுக்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று ஒரு கணக்கு வாத்தியாராக நான் கேட்கலாம் அல்லவா? திடலில் விளையாடும் நான்கு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த தாத்தா, அந்தக் குழந்தை கண்ணில் படும் ஓர் இடத்தில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்?

சட்டம் பேசுவது என் நோக்கமன்று. இருந்தாலும், 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் பொது இடங்களை உரிமையாளர் அனைவரின் பிரிபடாத பங்காகவே கொள்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். என் மகள் கடன் வாங்கி வாங்கிய வீட்டில் அந்த இருக்கையின் ஒரு துளியும் அடங்கும். அந்தத் துளியில் அவளைப் பெற்றவர்கள் உட்காரக் கூடாது என்று எழுதும்போது, அதை வாசிக்கும் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பாதுகாப்புக்காக ஏற்படுத்திய விதி இது என்று நீங்கள் சொல்லலாம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பெண்களும் குழந்தைகளும் தனியே இருக்கும் நானூறு வீடுகளை யார் வேண்டுமானாலும் நுழையும்படி திறந்து வைக்க எந்தச் சங்கத்தாலும் முடியாது. ஆனால் நாங்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வருபவர்கள் அல்லர். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்னதாகவே திறக்கிறது. அதற்கு முன் நூற்றிருபது நாட்கள் இருந்தன. கோடை விடுமுறைக்குக் கீழ்ப் படுக்கை வேண்டுமென்றால் முன்பதிவு திறக்கும் நாளில் காலை எட்டு மணிக்கே கவுன்டரில் நின்றாக வேண்டும். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திய பிறகு, திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்து, செலவைக் கூட்டிப் பார்த்த பின்பே நாங்கள் கிளம்புகிறோம். எங்கள் பெயர், வயது, எழும்பூரில் இறங்கும் நாள், மறுபடி ரயில் ஏறும் நாள் ஆகிய அனைத்தும் நாங்கள் கிளம்புவதற்குப் பல நாள் முன்பே ரயில்வேக்குத் தெரிந்துவிடுகின்றன. இதையே உங்கள் அலுவலகத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க என் மகளுக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான். உங்கள் கருவியில் பெற்றோர் என்று நான்காவதாக ஒரு கட்டம் சேருங்கள். வரும் நாளும் போகும் நாளும் குறித்து, படத்தோடு ஓர் அட்டையை எங்களுக்குக் கொடுங்கள். புறப்படும் அன்று அதைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். அந்த அட்டை கையில் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் மகளை எழுப்பி ஒப்புதல் கேட்காமல் எங்களை உள்ளே விடுங்கள். இருக்கை பற்றிய வரியை நீக்குங்கள். வாயிலில் நிழல் விழும் பக்கமாக ஒரு பெஞ்சு போட்டால், எங்களுக்கு மட்டுமன்றி எந்நேரமும் நிற்கும் அந்தக் காவலர்களுக்கும் உதவும். அறிவிப்புகளைத் தமிழிலும் எழுதுங்கள். என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாததால், இருக்கை யாருக்கு உரியது என்பதை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வளாகத்துக்குள் இவ்வளவு உரிமை ஏன் என்று தோன்றினால், வெளியே எங்களுக்குப் போக்கிடம் ஏது என்பதையும் பாருங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ ரயில் தடம் அமைக்கும் பணியால் சாலையின் பெரும்பகுதி தடுப்புகளுக்குள் இருந்தது. அதைக் கடந்து எதிர்ப்பக்கம் போவதே எழுபது வயதில் ஒரு பயணம். ஆட்டோவில் ஏறினால் ஓய்வூதியம் கரைகிறது. என் மனைவியை மலர்த்திய ஒன்று உண்டு என்றால் அது மாநகரச் சாதாரணப் பேருந்துதான். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வாயிலில் அந்த நிகழ்ச்சி நடப்பதற்கு முன்னர், பேத்தியை அழைத்துக்கொண்டு இரண்டு முறை திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலுக்குப் போய் வந்தார். எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று நடத்துநர் எதையும் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததை அவர் ஊரில் எல்லோரிடமும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆண்டு மே மாத முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்கு நடுப் படுக்கையும் என் மனைவிக்குக் கீழ்ப் படுக்கையும் கிடைத்திருக்கின்றன. இம்முறை வர வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். பேத்தி செல்பேசியில் அழுத பிறகு சம்மதித்தார். நிரப்பித்தர வேண்டிய படிவம் ஏதேனும் இருந்தால் ஏப்ரல் மாதத்துக்குள் என் மகளிடம் கொடுத்து அனுப்புங்கள். இருவரின் பாஸ்போர்ட் அளவுப் படங்களையும் எடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வளாகத்தில் ஆண்டுக்கு இருபத்தாறு நாள் வசிக்கும் ஒருவன்
கோவில்பட்டி