கரீபியனுக்கு வீட்டுச் சாமான் அனுப்பும் பேக்கர்ஸ் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து வீட்டுச் சாமான்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பும் பேக்கர்ஸ், மூவர்ஸ் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

2024 ஜூலை 3ஆம் தேதி பெரில் புயல் ஜமைக்காவின் தென்கரையை ஒட்டிப் போனபோது, நாங்கள் கிங்ஸ்டனில் ஒரு வாடகை வீட்டில் கடன் வாங்கிய மெத்தையில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் இல்லை. எங்கள் 46 பெட்டிகளும் துறைமுகத்துக் கிடங்கில் இருந்தன. வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்களால் எடுக்க முடியவில்லை. செயின்ட் எலிசபெத் பக்கம் கூரையே பறிகொடுத்தவர்களை நினைத்தால் எங்கள் பெட்டிகள் பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் அவை அங்கே மாட்டிக்கொண்டதற்குக் காரணம் புயல் இல்லை. சென்னையில் யாரும் சொல்லாத ஓர் எண்.

ஜமைக்காவில் அதை டிஆர்என் என்பார்கள். ஒன்பது இலக்க வரிப் பதிவு எண். சுங்கத்திலிருந்து சரக்கை எடுக்க அது வேண்டும். என் கணவருக்கு வேலையில் சேர்ந்த வாரமே கிடைத்துவிட்டது. ஆனால் எங்கள் நிறுவனம் பில் ஆஃப் லேடிங்கை, அதாவது சரக்கு யாருக்குப் போகிறது என்று காட்டும் கப்பல் ரசீதை, என் பெயரில் போட்டிருந்தது, பாஸ்போர்ட் நகலை முதலில் அனுப்பியவள் நான் என்பதால். எனக்கு அந்த எண் இல்லை. சாமான் யார் பெயரில் போகிறதோ அவரிடம் அது இருக்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அவர் பெயரிலேயே போட்டிருப்போம். நான் விண்ணப்பித்து, புயல் விடுமுறையும் கழிந்து, எண் கைக்கு வரும்வரை கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

நீங்கள் எல்லோரும் மோசம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து கட்டிய பையன்கள் நான்கு பேரும் அருமையான வேலைக்காரர்கள். அம்மா கொடுத்த குத்துவிளக்கு ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. ஊஞ்சல் பலகைக்கு அடித்த மரச்சட்டத்தில்கூட, 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய மரம் என்பதற்கான முத்திரை சரியாக இருந்தது. கட்டுகிற வேலை உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது, பெட்டி கப்பலேறிய பிறகு நடக்கப்போவதைப் பற்றி.

முதலில் பணம். எங்களுக்குக் கொடுத்த கொட்டேஷனில் 'டோர் டு டோர்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், இறங்கும் துறைமுகச் செலவுகள் அங்கே ஆகிறபடி என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள்: டெர்மினல் கட்டணம், கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை இறக்கும் கூலி, டெலிவரி ஆர்டர் கட்டணம், ஏஜென்ட் கட்டணம், சுங்கத் தரகர், கிடங்கு வாடகை, கடைசியில் லாரி. எங்கள் சாமான் மொத்தம் ஆறு கியூபிக் மீட்டர். 33 கியூபிக் மீட்டர் பிடிக்கும் இருபதடி கன்டெய்னரில் ஒரு மூலை. அந்த மூலைக்கு, சென்னையில் கட்டியதில் மூன்றில் இரண்டு பங்கை இங்கே மறுபடியும் கட்டினோம். பலர் சாமான் சேர்ந்து போகும் கன்டெய்னரில், புறப்படும் ஊரில் கப்பல் கூலியைக் குறைத்துக் காட்டி, இறங்கும் ஊரில் ஏஜென்ட் வழியாக அதை ஈடுகட்டுவது உங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எங்களுக்கு மட்டும்தான் தெரியாது. அங்கே இருக்கும் ஏஜென்ட் யார், அவருடைய கட்டணப் பட்டியல் என்ன என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கொடுங்கள். தொகை கூடுதலாக இருக்கட்டும், பரவாயில்லை. தெரிந்தால் போதும், எதை எடுத்துப்போவது, எதை விற்றுவிடுவது என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம். பீரோவை நான் நிச்சயம் விட்டுவிட்டு வந்திருப்பேன்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "வார்ஃப் செலவை முன்னாடியே கேட்கவில்லையா?" என்றார். வார்ஃப் என்றால் துறைமுகம். அங்கே செலவு ஆகும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் பீப்பாயில் அரிசி, சோப்பு, செருப்பு எல்லாம் நிரப்பி அனுப்புவார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் துறைமுகத்தில் பீப்பாய்க் கூட்டம்தான். பல தலைமுறையாகச் சரக்கு எடுத்துப் பழகிய சனம்.

வரி விஷயத்திலும் எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. "பழைய சாமானுக்கு வரி கிடையாது சார்" என்று என் கணவரிடம் சொன்னார்கள். ஜமைக்காவில் அந்தப் பெரிய சலுகை, மூன்று ஆண்டுக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் ஜமைக்கா நாட்டவருக்கானது. வேலை அனுமதியில் வரும் எங்களைப் போன்றவர்களுக்கு அது இல்லை. ஜிசிடி என்ற பொது வரியே 15 சதவீதம். அதற்குமேல் இறக்குமதி வரி. எங்கோ ஒரு நாட்டுக்குப் பொருந்துவதை எல்லா நாட்டுக்கும் சொல்லாதீர்கள்.

கரீபியன் என்பது ஓர் ஊர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் 110 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரினிடாடில் 115 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். செயின்ட் லூசியாவிலும் கிரெனடாவிலும் நம் ஊர் போலவே 230 வோல்ட் அளவில், 50 ஹெர்ட்ஸ். அதாவது கோயம்புத்தூர் கிரைண்டர் கிரெனடாவில் பிளக்கை மாற்றினால் ஓடும். கிங்ஸ்டனில் மின்னழுத்தத்தை ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிரினிடாடில் அதை வைத்தாலும் மோட்டார் வேகம் மாறும். எங்கள் வாஷிங் மெஷினைக் கப்பலில் ஏற்றும்போது இதைத் தெரிந்த ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. அது இன்னும் பின்கட்டில் அப்படியே நிற்கிறது.

அடுத்தது பெட்டிப் பட்டியல். பதினொரு பெட்டிகளுக்கு 'கிச்சன் ஐட்டம்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதிகாரி பதினொன்றையும் பிரிக்கச் சொன்னார், அது அவர் கடமை. உள்ளே என் அஞ்சறைப் பெட்டி, கடுகும் வெந்தயமும் இருந்தபடியே இருந்தது. புளி, மாமியார் போட்ட வடகம், அம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாய். தானியமும் விதையும் தாவர நோய்த் தடுப்புச் சட்டத்தில் வருபவை. அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. எல்லாம் போயிற்று. அந்த ஊறுகாய்க்காக நான் அங்கேயே அழுதேன். சமையலறையைக் கட்டும் முன், சாப்பாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம் அம்மா என்று ஒரு பையன் சொல்லியிருந்தால் அதை ஊரிலேயே யாருக்காவது கொடுத்திருப்பேன்.

நாள் கணக்கையும் நேர்மையாகச் சொல்லுங்கள். 50 நாள் என்றீர்கள், 97 நாள் ஆயிற்று. செங்கடலில் நடந்த தாக்குதல்களால் 2023 டிசம்பரிலிருந்தே பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் அனுப்பியது 2024 மார்ச்சில். அப்புறம், இங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. எந்த மாதம் ஏற்றினால் எந்த மாதம் இறங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.

அவ்வளவு நாள் கடலில் போகும் பெட்டிக்குள் வியர்த்துக் கொட்டும். என் மாமனாரின் புத்தகங்கள் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டு வந்தன. ஈரம் உறிஞ்சும் பை நாலைந்து போட்டிருக்கலாம். காப்பீட்டைக் கேட்டால், அது முழுச் சரக்கும் போனால் மட்டும் தரும் வகை என்றார்கள். பிரீமியம் வாங்கும்போது அந்த வகையைத் தமிழில் விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் ஆகஸ்டில் இங்கே வருகிறது. இரண்டு குழந்தைகள். உங்களில் மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் நான் சில கேள்விகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: கிங்ஸ்டனில் உங்கள் ஏஜென்ட் யார், அவர் என்னென்ன வாங்குவார், பில் யார் பெயரில், எந்தக் காப்பீடு. அவர் போன் செய்யும்போது, "அதெல்லாம் அங்கே பார்த்துக்கலாம் மேடம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
கிங்ஸ்டனிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருத்தி