மடப்பள்ளிக் கழிவுநீர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

உபயதாரர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருக்குளத்தில் விழுந்துகொண்டிருந்த மடப்பள்ளி வாய்க்காலை அடைத்துவிட்டோம். அரிசி களைந்த நீர், பாத்திரம் துலக்கிய நீர், அன்னதானக் கூடத்தில் கை கழுவும் நீர், கோமுகி வழியே இறங்கும் அபிஷேக நீர் எல்லாம் இனி நந்தவனத்துக்குத் தெற்கே கட்டியிருக்கும் பாசித் தொட்டிக்குப் போகும். கழிப்பறை நீர் இதில் ஒரு சொட்டும் கலக்காது. அதற்கு வேறு குழாய், வேறு தொட்டி.

கோபுரத்துக்கு வர்ணம் பூசும் முன் சாக்கடைக்குச் செலவா என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். குளத்தில் கால் நனைக்க முடியாத கோயிலுக்கு வர்ணம் எதற்கு என்பதே எங்கள் எண்ணம். இதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கம் இல்லை.

குளம் ஏன் பச்சையானது? சுவாமிக்கு ஆடும் பால்தான் பெரிய காரணம். வீட்டுச் சாக்கடை நீர் மட்கும்போது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். பாலுக்கோ ஏறத்தாழ 1,00,000 மில்லிகிராம். குடம் குடமாகப் பால் சேர்ந்தால் மீன் எப்படி மூச்சுவிடும்? பால் மட்கியபின் எஞ்சும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பாசிக்கு உரம். இது புதிய கதையும் அல்ல. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருந்த கோயில் குளம் ஒன்றைக் கணபதி என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1940-இலேயே எழுதியிருக்கிறார். அந்த இனப் பாசி நஞ்சையும் உண்டாக்கக்கூடியது. நஞ்சு ஏறிய நீரைக் குடித்தால் மாடு சாகவும் கூடும்.

பாசி குளத்தில் வளர்ந்தால் கேடு. அதற்கென ஒரு தொட்டி கட்டி அங்கே வளர்த்தால் அதே பாசி நீரைத் தெளியவைக்கும். 1950-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்ட் இந்த வழியை வகுத்தார். பாக்டீரியா கழிவைத் தின்று கரியமில வாயுவை விடும். பாசி அதை எடுத்துக்கொண்டு வெயிலில் ஆக்சிஜனைத் திருப்பித் தரும். காற்று ஊதும் எந்திரம் வேண்டாம். 1 கிலோ காய்ந்த பாசி உருவாக ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு உள்ளே போகிறது. உச்சி வெயிலில் நீரின் காரத்தன்மையும் ஏறுவதால் நோய்க்கிருமிகள் பெருமளவு மடிகின்றன. நம் பக்கமே ராணிப்பேட்டையில், கடற்பாசியிலிருந்து கூழ்ப்பொருள் எடுக்கும் ஆல்ஜினேட் ஆலை ஒன்றின் அமிலக் கழிவுநீரை இப்படிப் பாசி கொண்டு திருத்தியிருக்கிறார்கள்.

நாம் கட்டியது நீள்வட்டத் தொட்டி, நடுவே ஒரு தடுப்புச் சுவர். நீரின் ஆழம் 30 சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் அடியில் வெளிச்சம் எட்டாது. துடுப்புச் சக்கரம் ஒன்று நீரை மெல்லச் சுற்றவைக்கிறது. நீர் தேங்கி நிற்காததால் கொசுவும் எளிதில் பெருகாது. குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்ற பச்சைப் பாசிகள் தாமாகவே வந்து வளர்ந்தன. விதைப் பாசி எதுவும் வாங்கவில்லை.

இரண்டு முறை தோற்றோம். உறுப்பினர்களுக்கு அது தெரிய வேண்டும். முதல் பிரதோஷத்தன்று நந்திக்கு ஆடிய பால் முழுவதும் ஒரே மாலையில் தொட்டிக்குள் இறங்கியது. இரவில் பாசி ஆக்சிஜன் தராது, தானும் உட்கொள்ளும். விடிவதற்குள் நீர் கறுத்து, நாற்றம் சந்நிதி வரை வந்தது. பரிகாரமாக, நீரைத் தேக்கிவைக்கும் தொட்டி ஒன்றை முன்னால் கட்டினோம். பிரதோஷப் பால் இப்போது அதில் தங்கி, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. எண்ணெய் மிதந்து வெளிச்சத்தை மறைக்காதிருக்க, அதையும் அங்கேயே வழித்தெடுக்கிறோம். அடுத்த முறை தெள்ளுப்பூச்சி போன்ற நீர்ப்பூச்சிகள் பெருகி, சில நாட்களில் பாசியைத் தின்று தீர்த்துவிட்டன. பச்சை நீர் தேநீர் நிறமானதைக் கண்டு எங்களில் சிலருக்குக் கண் கலங்கியது. தொட்டியை வடித்து, உலரவைத்து, மறுபடி தொடங்கினோம். இம்முறை பாசி தழைத்தது.

பாசியைப் பிரிப்பதுதான் கடினமான வேலை. ஒவ்வொன்றும் மயிரிழையைவிடச் சிறியது, ஏறத்தாழ நீரின் எடையே அதற்கும். தனித்தனியாக இருந்தால் லேசில் அடியில் தங்காது. பாக்டீரியாவோடு கூடித் திரளாகும்போதே படிகிறது. படிவுத் தொட்டியின் அடியில் சேர்வதை வாளியில் அள்ளிக் களத்தில் காயவைத்து, மக்கவைத்து, அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் எருவாக இடுகிறோம். தெளிந்த நீரும் செடிகளுக்கே. கோசாலைக்குத் தீவனமாகத் தரலாமே என்று கேட்டீர்கள். கூடாது என்று தீர்மானித்துள்ளோம். எந்தப் பாசி எப்போது வளரும் என்பது நம் கையில் இல்லாதபோது பசுவின் உயிரோடு சோதனை செய்ய மனம் வரவில்லை.

தொட்டியின் பாசியும் பாக்டீரியாவும் மடியாதிருக்க, மடப்பள்ளியில் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்று ஊழியர்களைக் கேட்டுக்கொண்டோம். உபயக்காரர்களும் அன்னதான நாளில் இதைக் கவனிக்க வேண்டும்.

குளம் உடனே தெளிந்துவிடாது. அடிவண்டலில் பல ஆண்டு மணிச்சத்து தங்கியிருக்கிறது, அது கரைந்துகொண்டே இருக்கும். வரும் கோடையில் நீர் வற்றியதும் தூர் வார வேண்டும். கைவசம் உள்ள மீதித் தொகையை அதற்கே ஒதுக்கியுள்ளோம். ஐப்பசி மழைக்கு முன் உலர்களத்துக்குக் கூரை போட வேண்டும். அதற்கு உபயம் செய்ய விரும்புவோர் அலுவலகத்தில் தெரிவிக்கலாம். வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்