மாடு முட்டிய கதவு

பள்ளத்தூர்,
ஆனி மாதம்.

அன்புள்ள லெட்சுமணா,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு ஏழாம் மாதம் என்று எழுதியிருந்தாய். வீட்டில் படித்துக் காட்டினேன். அன்றைக்கே சீப்புச் சீடையா, மனகோலமா என்று பேச்சு ஆரம்பமாகிவிட்டது. எப்படியும் கோயம்புத்தூருக்கு ஒரு டப்பா வந்து சேரும். இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது, பள்ளத்தூர் பள்ளத்தூராகவே இருக்கிறது.

உன் காரில் விழுந்த பள்ளத்துக்கு வழி கேட்டிருந்தாய், என் காரை நானேதான் சரிபண்ணினேனா என்றும் கேட்டிருந்தாய். ஆமாம், மாருதி 800-இன் கதவை நானேதான் சரிபண்ணினேன். தை மாதம் மஞ்சுவிரட்டு பார்க்கப் போன இடத்தில், பொட்டலில் அவிழ்த்துவிட்ட கட்டுமாடு ஒன்று ரோட்டோரம் நின்ற வண்டியை இடது பக்கம் ஒரு முட்டு முட்டிவிட்டுப் போனது. மாட்டின் மேல் வழக்கா போட முடியும்? பட்டறையில் காட்டினால், கதவை மாற்றி முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு இன்னொரு பழைய மாருதியே கிடைக்கும். 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. பழைய சாமான் கடையில் கதவு கிடைத்தாலும் அதுவும் அடியில் துருப்பிடித்துத்தான் இருக்கும்.

ஒடுக்கு எடுப்பது நான் பயந்த அளவுக்கு இல்லை. கதவின் உள் அட்டையைக் கழற்றிவிட்டால் தகட்டின் பின்பக்கம் கைக்கு எட்டும். எல்லாரும் பள்ளத்தின் நடுவில்தான் முதலில் ஓங்கித் தட்டுவார்கள். அது கூடாது. பள்ளத்தைச் சுற்றி மேடாக எழும்பியிருக்கும் விளிம்பை வெளியிலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே, உள்ளிருந்து இரும்புக் கட்டையால் அழுத்திக்கொடுக்க வேண்டும். கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுக்க வேண்டும். அதிகம் தட்டினால் தகடு நீண்டுபோய், அமுக்கும்போதெல்லாம் டப் டப் என்று உள்ளே வெளியே போகும். அப்புறம் அதை அடக்கத் தகடு தட்டும் டிங்கரால்தான் முடியும். கண்ணால் பார்ப்பதைவிடக் கையை நம்பு. மெல்லிய துணியைப் போட்டு அதன் மேல் உள்ளங்கையை நீளவாக்கில் ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் தட்டுப்படும்.

மாடு செய்ததைவிடப் பெரிய சேதம் கதவின் அடியில் இருந்தது. தொண்டிக்காரர் ஒருவரிடம் வாங்கிய வண்டி என்பது உனக்குத் தெரியுமே. கடற்காற்று அங்கே தொடங்கி வைத்ததை நம் ஊர்ச் செம்மண் முடித்து வைத்திருக்கிறது. எந்தக் காரிலும் கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். செம்மண் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று, தகட்டை உள்ளிருந்து வெளியே தின்று கொண்டு வரும். வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரிகிற நேரத்தில் உள்ளே பாதி போயிருக்கும். உன் வண்டியில் இன்றைக்கே ஒரு கம்பியை விட்டு அந்த ஓட்டைகளைக் குத்திவிடு. காசில்லாத வேலை.

துருவை ஆராய்வதற்கென்றே ஒரு பெரிய பிரிவை வைத்திருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது செக்ரி, பக்கத்தில் காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். அதன் வாசலைத் தாண்டி நம் வண்டிகள் துருவோடு போய் வந்து கொண்டிருக்கின்றன!

பள்ளத்தை நிரப்பப் பசைபோல் பூசும் பட்டியைத் துருவின் மேல் போட்டு மறைப்பதுதான் பட்டறைகளில் நான் பார்த்த பெரிய ஏமாற்று. ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததில் பட்டியோடு பெயர்ந்து வரும். இற்றுப்போன இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டுத் துண்டு வைத்து வெல்டு செய்ய வேண்டும். அதை டிங்கரிடம்தான் கொடுத்தேன், வெல்டிங் நமக்கு ஆகாது. மேலாகத் துரு ஏறிய இடங்களை நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றும் திராவகம் பூசினேன். பாஸ்பாரிக் ஆசிட்தான் அது. அப்புறம் கழுவி, உடனே வெயிலில் காயவிட்டு, எபாக்சி ப்ரைமர் என்கிற அடிப்பூச்சை அடித்தேன். இன்னொரு வகைத் திராவகத்தில் டானிக் ஆசிட் இருக்கும், பூசினால் துரு கறுத்துப்போகும். கடுக்காயில் இருக்கிற துவர்ப்பும் அந்த இனம்தான். ஆனால் எதைப் பூசினாலும் வீட்டு முகப்பில் வைத்துச் செய்யாதே. தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமென்டால் ஆனது, ஆசிட் ஒரு சொட்டு விழுந்தால் பூவேலை போய்விடும். நான் வண்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அடுத்தது பட்டி. பழைய பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகட்டை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால்தான் பட்டி பிடிக்கும். 100 கிராம் பட்டிக்கு அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் 2 கிராம் போதும். நம் ஊர் வெயிலில் அதைவிடக் கொஞ்சம் குறைத்தாலும் சரி. கூடிப்போனால் கலக்கிக்கொண்டிருக்கும் தட்டிலேயே இறுகிவிடும், பிற்பாடு பெயிண்டின் மேல் கறையும் கசியும். ஒரே தடவையில் அப்பாமல் மெல்லிய பூச்சாக இழுக்க வேண்டும். மொத்தமாக 3 மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்பட்டால் ஒடுக்கு சரியாக எடுபடவில்லை என்று அர்த்தம், திரும்பச் சுத்தியலை எடு. பட்டி தண்ணீரைக் குடிக்கும். ஆகையால் அதைக் காய்ந்த தாளால்தான் தேய்க்க வேண்டும், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தண்ணீர்த் தாள் ப்ரைமருக்கு மேல்தான். தாளை விரலில் பிடித்துத் தேய்த்தால் வாய்க்கால் வாய்க்காலாக விழும், ஒரு நேரான மரக்கட்டையில் சுற்றிக்கொள். 80, 180, 320 என்று போய், பழைய பெயிண்ட் முடிகிற விளிம்பு நகத்துக்குத் தட்டாத வரைக்கும் சரிவாகத் தேய்க்க வேண்டும்.

நம் வளவுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சை நினைத்துக்கொள். அடுக்கடுக்காய், ஒவ்வொன்றும் முந்தியதைவிட நைசாக. மினுக்கம் மேல்பூச்சில்தான் இருக்கிறது, ஆனால் கீழே இருக்கிற குறையை மினுக்கம்தான் காட்டிக்கொடுக்கும். ப்ரைமர் காய்ந்ததும் அதன் மேல் கறுப்புப் பெயிண்டைத் தூரத்திலிருந்து தூவினாற்போல அடித்து, 400-ஆம் நம்பர் தண்ணீர்த் தாளால் தேய்த்துப் பார். மேடு வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும். முக்கால்வாசி நேரம் இந்தத் தேய்ப்பிலேயே போனது. தோள் வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டதற்கு வீட்டில் இன்னும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பெயிண்ட் அடித்தது அரைநாள் வேலை. கம்ப்ரசர் வாடகைக்கு எடுத்தேன். காற்று எழும்புவதற்கு முன் காலையில், கொல்லையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, பெயிண்ட் ஸ்பிரே கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரு ஓட்டத்தில் பாதியை மறு ஓட்டம் மூடுகிற மாதிரி அடித்தேன். சித்திரை வெயிலில் வேகமாகக் காயும் தின்னர் போட்டால் பெயிண்ட் வழியிலேயே காய்ந்து மணல்மணலாக விழும், மெதுவாகக் காய்வதைக் கேட்டு வாங்கு. ஐப்பசி ஈரத்தில் அடித்தால் நான் அடித்த இந்தச் சாதா என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் பால் பூத்தாற்போல வெளுத்துவிடும். ஹார்ட்னர் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் நன்றாக உழைக்கும், ஆனால் வீட்டில் வைத்து ஸ்பிரே செய்யாதே. அதில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கொண்டுவரும். முகத்தில் கட்டுகிற துணியெல்லாம் அதைத் தடுக்காது.

புது வெள்ளைக்கும் பக்கத்து ஃபெண்டரின் வெயில் பட்ட வெள்ளைக்கும் கிட்டப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தெரியட்டும். வண்டியை விற்கப்போவதில்லை, துரு நின்றால் போதும்.

இனி உன் வண்டி. சில்வர் கலர் என்கிறாய், கேட் இடித்துக் கதவில் பள்ளம், பம்பரில் கீறல். பள்ளத்தில் பெயிண்ட் வெடிக்கவில்லை என்றால் பின்பக்கமிருந்து தள்ளி எடுத்துவிட்டு, பெயிண்டையே தொடாதே. சில்வரில் இருக்கிற அலுமினியத் துகள் கன் பிடிக்கிற கைக்கும் காற்றழுத்தத்துக்கும் தக்கபடி படுக்கும். ஒரே டப்பா பெயிண்ட் இரண்டு கையில் இரண்டு நிறமாகத் தெரியும். கீறிப்போயிருந்தால் நல்ல பெயின்டரிடம் கொடு, பக்கத்துத் தகட்டுக்கும் கொஞ்சம் பரவவிட்டு அடிக்கச் சொல். பம்பர் பிளாஸ்டிக், அதற்குத் தனி ப்ரைமர் உண்டு, அது இல்லாமல் அடித்தால் தோல் உரியும். இன்சூரன்ஸில் கேட்கலாமா என்றாய். ஐந்து வருஷம் க்ளைம் இல்லாமல் ஓட்டியிருந்தால் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி இருக்கும், ஒரு க்ளைமில் அது போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசு. முழு வண்டியையும் நீலமாக்கும் ஆசை இருந்தால் ஆர்.சி.யில் நிறத்தைத் திருத்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

பள்ளத்தைக் குறுக்கு வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. வளைகாப்புத் தேதி முடிவானதும் எழுது, ரயில் டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
மெய்யப்பன்